கால் நனைஞ்ச கணக்கு

என் ஓரகத்தி மேல எனக்குப் பொறாமை. முதல்லயே சொல்லிடுறேன். அப்புறம் நடுவுல நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி சிரிக்க வேணாம். ஊட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி அவ. அவ கட்டுற புடவை, வைக்கிற கொழம்பு, போட்டுக்குற தோடு, இதுங்க மேலல்லாம் எனக்கு ஒண்ணும் கெடையாது. வாய்க்கால்தான். எங்க ஊரு வாய்க்கால்ல அவ பேச்சு எடுபட்டுது, என் பேச்சு எடுபடல. அந்த ஒண்ணுக்காக நான் பண்ணின காரியத்தை நெனச்சா இப்பவும் எனக்கே கன்னத்துல போட்டுக்கணும்போல இருக்கு.

எங்க ஊரு சிதம்பரத்துக்கு மேக்கே. வீராணம் ஏரித் தண்ணி. வாய்க்கால் ஊருக்குள்ள நுழையிற எடத்துல, ரோட்டோரமா மாமனாருக்கு ஒரு துண்டு நெலம். அதே வாய்க்கால் முடியிற எடத்துல இன்னொரு துண்டு. நடுவுல பதினாலு ஊட்டு வயல். மாமனார் காலமாயி பாகம் பிரிக்கிறப்ப எங்க ஊட்டுக்காரரு பெரிய மனசு பண்ணி, “தம்பி கடலூர் டவுன்ல பொண்ணு கட்டியிருக்கான். அந்தப் பொண்ணு சேத்துல எம்மாந்தூரம் நடக்கும்? ரோட்டோரத்தை அவனே எடுத்துக்கட்டும்”னு சொல்லிட்டாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் உள்ள பருப்பு கடைஞ்சிக்கிட்டு இருந்தேன். மத்தைப் போட்டுட்டு வந்து நிக்கிறதுக்குள்ள எல்லாரும் காபி குடிக்க ஆரம்பிச்சிட்டாங்க. நானும் எட்டு கல்லு தாண்டி இன்னொரு ஊர்லேருந்து வந்தவதான். என் கால் மட்டும் என்ன, சேத்துக்குன்னே பொறந்ததா?

தலைமடை அவளுக்கு, கடைமடை எனக்குன்னு ஆச்சு. தண்ணி முதல்ல வர்றது அவ வயலுக்கு. கடைசியா, எல்லாரும் குடிச்சது போக வர்றது என் வயலுக்கு. ஊட்டுக்காரரு நெய்வேலி சுரங்கத்துல கான்ட்ராக்ட் வேலை. கம்மாபுரத்துல ரூம் எடுத்துத் தங்கிக்கிட்டு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவாரு. உழவு, நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாம் என் பொறுப்பு. அதுல எனக்கு வருத்தம் இல்ல. சொல்லப்போனா எனக்குப் பிடிச்ச வேலை அது ஒண்ணுதான்.

எங்க ஊர்ல தண்ணிக்கு முறை உண்டு. அது எப்ப வந்துதுன்னு யாருக்கும் தெரியாது. ஆனி மாசக் கடைசியில ஊட்டுக்கு ஒரு ஆள் மம்பட்டியோட வந்து வாய்க்கால் வெட்டணும். வராத ஊட்டுக்கு அந்த வருஷம் முதல் தண்ணி கெடையாது. தண்ணி வந்துட்டா ஒரு பகலை ரெண்டு ஊடு பங்கு போட்டுக்கணும். எட்டு நாள் கழிச்சுத்தான் மறுபடியும் முறை வரும். ராத்திரித் தண்ணி பக்கத்து ஊருக்கு. எங்க பகல்ல காலையில ஆறுலேருந்து பன்னெண்டு வரைக்கும் எனக்கு, பன்னெண்டுலேருந்து ஆறு வரைக்கும் அவளுக்கு.

கேக்க சமபங்கு மாதிரி இருக்குதா? ஆனா ராத்திரியெல்லாம் காஞ்சி கெடந்த வாய்க்கால் முதல்ல தான் குடிச்சிட்டுத்தான் தண்ணியை நவுர உடும். மேல ஆறு மணிக்குத் திறந்தா என் வயலுக்கு வர்றதுக்கு ஒம்போது ஆயிடும். அதனால கடைமடைக்கு மட்டும் ஒரு வழக்கம். திறந்த நேரத்துலேருந்து கணக்கு இல்ல. கடைமடைக்காரங்க கால் நனைஞ்ச நேரத்துலேருந்து கணக்கு. அந்த ஊட்டு ஆள் ஒருத்தர் செருப்பில்லாம வாய்க்கால் நடுவுல போயி நிக்கணும். தண்ணி வந்து காலைத் தொட்டதும் “நனைஞ்சிடுச்சு!”ன்னு கூவணும். அந்தக் கூவல் வயலுக்கு வயல் கைமாறி தலைமடை வரைக்கும் போவும். அங்கேருந்து ஆறு மணி நேரம். ஒம்போதுக்கு நனைஞ்சா மூணு மணி வரைக்கும் எனக்கு. மீந்த மூணு மணி நேரம்தான் அவளுக்கு.

கல்யாணமாயி வந்த வருஷத்துலேருந்து நான்தான் போயி நிப்பேன். முதல்ல எறும்புங்க கூட்டமா ஓடி வரும். அதுக்குப் பின்னால காஞ்ச சருகும் நொரையும். அப்புறம் கட்டைவிரல்ல சில்லுன்னு. நான் கூவுற கூவலுக்கு நடுவயல்காரங்க, “வந்துட்டாங்கப்பா கடைமடை மகாராணி”ன்னு கிண்டல் பண்ணுவாங்க. பண்ணட்டுமே. நான் கூவாம அந்த வாய்க்கால்ல ஒரு மடையும் மாறாது. அவகிட்ட ரோட்டோரம் இருந்துது, என்கிட்ட அந்தக் கூவல் இருந்துது.

சுனாமி வந்த வருஷம், அதுக்குச் சில மாசம் முன்னாடி, ஆபீசருங்க வந்தாங்க. பள்ளிக்கூடத்துல பந்தல் போட்டு, டீ குடுத்து, “இனிமே விவசாயிங்களே சங்கம் வச்சி வாய்க்காலை நிர்வாகம் பண்ணணும், தலைவரை ஓட்டுப் போட்டு எடுங்க”ன்னாங்க. எனக்குச் சிரிப்பு வந்துது. இத்தனை நாளும் நாங்க என்ன தாயம் ஆடிக்கிட்டு இருந்தோமா? ஆனா மனசுக்குள்ள ஒரு ஆசையும் வந்துது. பொய் சொல்லுவானேன், நானே நிக்கலாம்னு நெனச்சேன். வாய்க்கால்ல எந்த எடத்துல கரை ஒடையும், எந்த மடையில யாரு கல்லை நவுத்துவாங்கன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?

லிஸ்டுல என் பேரே இல்ல. பட்டா யாரு பேர்ல இருக்குதோ அவுங்களுக்குத்தான் ஓட்டாம். பட்டா ஊட்டுக்காரரு பேர்ல. அவுரு சுரங்கத்துல ஷிப்ட்டுல இருக்காரு. கொழுந்தன் பள்ளிக்கூடத்துல கிளார்க்கு. உத்தியோகத்துக்கு ஏதோ தொந்தரவு வரும்னு எவனோ சொன்னதைக் கேட்டுக்கிட்டு நெலத்தைப் பொண்டாட்டி பேருக்கு எழுதி வச்சிருந்தான். ஆக, வாய்க்கால்ல கால் வைக்காதவளுக்கு ஓட்டு. நான் ஓரமா நின்னு வேடிக்கை. அதோட உட்டுதா? ஊர்ல ரெண்டு கோஷ்டி. இவனை அவன் ஒத்துக்கல, அவனை இவன் ஒத்துக்கல. கடைசியில, “பன்னெண்டாவது படிச்ச பொண்ணு, நாம சொல்றதக் கேட்டுக்கும்”னு ரெண்டு பேரும் சேந்து அவளைத் தலைவரா ஆக்கிட்டாங்க. அவ ஒருத்தன் சொன்னதையும் கேக்கல. அது அவுங்க தலையெழுத்து. எனக்கு அன்னைக்கு ராச்சோறு இறங்கல.

நல்லாத்தான் பண்ணினா. அதையும் சொல்லிடணும், அதுதான் வயித்தெரிச்சல். மோசமா பண்ணியிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன். துருப்புடிச்ச ஷட்டரை மாத்த வச்சா. காட்டாமணக்கு மண்டிக் கெடந்த எடத்தை மெஷின் வச்சி வெட்ட வச்சா. பெரிய ரிஜிஸ்டர் ஒண்ணு வாங்கி, யாருக்கு எந்த நாள், எத்தனை மணிலேருந்து எத்தனை மணி வரைக்கும்னு கட்டம் போட்டு எழுதினா. என் கட்டத்துல ‘6 – 12’. அவ கட்டத்துல ‘12 – 6’. கால் நனையிற வழக்கத்தை எழுதல. அதைப் போயி எழுதுவாங்களா? சோத்துக்கு உப்பு போடணும்னு யாராவது எழுதி வைப்பாங்களா? எழுதாமலே அது நடந்துக்கிட்டு இருந்துது.

ஒரு தடவை கடலூர்ல கலெக்டர் ஆபீசுல விவசாயிங்க கூட்டம்னு, “நீங்களும் வாங்க அக்கா, கடைமடை கஷ்டத்தை நீங்க சொன்னாதான் எடுபடும்”னு என்னையும் பஸ்ஸு ஏத்திக்கிட்டுப் போனா. அங்க என் கையில மைக்கைக் குடுத்தாங்க. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. “தண்ணி வரல சார்”னு நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துட்டேன். அவ எழுந்தா. காகிதம் பாக்காம, எந்த மதகுல எவ்வளவு தண்ணி குறையுதுன்னு கடகடன்னு சொன்னா. ஹாலே திரும்பிப் பாத்துது. பக்கத்துல உக்காந்திருந்த திட்டக்குடி ஆளு ஒருத்தரு, “யாரும்மா இது, நல்லா பேசுது?”ன்னு கேட்டாரு. “என் ஓரகத்திதான்”னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். திரும்பி வர்றப்ப குறிஞ்சிப்பாடி தாண்டுற வரைக்கும் அவ மூஞ்சியைக்கூட நான் பாக்கல.

அப்புறம் எல்லார் கையிலயும் செல்போன் வந்துது. கூவறது நின்னு போச்சு. கால் நனைஞ்சதும் நான் அவளுக்கு ஒரு மிஸ்டு கால் குடுப்பேன், அவ நேரம் பாத்துப்பா. என் கூவலும் போச்சு. அதுக்கும் அவதான் காரணம்னு கொஞ்ச நாள் திட்டிக்கிட்டு இருந்தேன். செல்போனை அவளா கண்டுபிடிச்சா? ஆனா திட்டறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல.

தானே புயல்ல பயிர் மொத்தமா படுத்துடுச்சு. ஊட்டுக்காரரு வந்து பாத்தாரு. “போதும். பொண்ணையும் காலேஜ் ஹாஸ்டல்ல சேத்தாச்சு. நீ இங்க தனியா, நான் அங்க தனியா. இன்னும் ஒரு சம்பா பாரு. இதுலயும் ஒண்ணும் தேறலைன்னா நெலத்தைக் குத்தகைக்கு உட்டுட்டு கம்மாபுரம் வந்துடு”ன்னாரு. ஒரு சம்பா. அது தேறினா நான் என் வயல்ல இருப்பேன். தேறலைன்னா சுரங்கத்துப் பக்கம் ஒரு ரூம்ல உக்காந்து அவருக்கு டிபன் டப்பா கட்டணும். 

அது 2012. மேட்டூர்ல லேட்டா திறந்தாங்க. ஏரியிலயும் தண்ணி கம்மி. ஆறு மணிக்குத் திறந்தா எனக்குப் பத்து மணிக்குத்தான் கால் நனைஞ்சுது. நாலு மணி வரைக்கும் எடுத்துக்கிட்டேன். அவளுக்கு ரெண்டு மணி நேரம்தான் மீந்துது. அப்பவும் அவ ஒண்ணும் கேக்கல. அவ பயிர் ரோட்டோரம் கரும்பச்சையா நிக்கும், என்னுது வெளிறிப் போயி நிக்கும். தினம் அந்தப் பச்சையைத் தாண்டித்தான் நான் வயலுக்கு நடக்கணும். கண்ணை மூடிக்கிட்டா நடக்க முடியும்?

கதிர் வர்ற சமயம். என் முறை நாள். காலையில எட்டு மணிக்கு வாய்க்காலை ஒட்டி நடந்து வர்றேன், அவ வயல் ஓரத்துல ரெண்டு பாத்தி சதசதன்னு ஈரம். அவ மடை அடைச்சிதான் இருக்கு. ஆனா உள்ள தண்ணி. என் தண்ணி! எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. மடையைத் திறக்காம எங்கேயோ ஓட்டை போட்டு எடுக்குறா, இத்தனை வருஷமா இப்படித்தான் அந்தப் பச்சை வந்திருக்குன்னு அங்கயே முடிவு பண்ணிட்டேன். “அது நண்டு வளை வழியா கசிஞ்ச தண்ணி, கரையை வெட்டிக் காட்டுறேன் அண்ணி”ன்னு கொழுந்தன் பின்னால வெட்டியும் காட்டினான். நண்டும் இருந்துது. இருந்தாலும் எனக்கு முழுசா நம்பிக்கை வரல. இப்பவும் வரல.

மறுநாள் சங்கக் கூட்டம். பாசன ஆபீசரும் வந்திருந்தாரு. நான் எழுந்து நின்னேன். கடலூர்ல ஒட்டிக்கிட்ட நாக்கு அன்னைக்கு நல்லா சுழண்டுது. “தலைவருன்னா தண்ணியை எப்ப வேணா எடுத்துக்கலாமா? ஊருக்கு ஒரு நியாயம், தலைமடைக்கு ஒரு நியாயமா? இனிமே வழக்கம் கிழக்கம்லாம் வேணாம். ரிஜிஸ்டர்ல என்ன மணி எழுதியிருக்கோ அந்த மணிப்படி மடை மாறணும். ஒரு நிமிஷம் முன்ன பின்ன கூடாது. எழுதுங்க சார்!”

எல்லாரும் என்னையே பாக்குறாங்க. நடுவயல்காரரு ஒருத்தரு, “ஏம்மா, நீதானே கடைமடை?”ன்னு மெதுவா கேட்டாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ரிஜிஸ்டர் மணிப்படின்னா பன்னெண்டோட என் கதை முடிஞ்சுது. பத்துக்கு வர்ற தண்ணி பன்னெண்டுக்கு நின்னா ரெண்டு மணி நேரம். என் வாயால நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

உக்காந்திருக்கலாம். ‘தெரியாம சொல்லிட்டேன்’னு ஒரு வார்த்தை போதும். அப்ப அவ பேனா மூடியைக் கழட்டிக்கிட்டு, ரிஜிஸ்டரைத் திறந்து வச்சிக்கிட்டு, என்னைப் பாத்து, “அக்கா, நல்லா யோசிச்சு சொல்லுங்க. எழுதிடவா?”ன்னா.

எல்லார் முன்னாடியும். பச்சப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி. அந்தக் குரல்ல எளக்காரம் இருந்துதுன்னு அன்னைக்கு நான் சத்தியம் பண்ணியிருப்பேன்.

“எழுது”ன்னேன். “யோசிச்சிதான் சொல்றேன். எழுது.”

அவ கொஞ்ச நேரம் பேனாவைப் புடிச்சிக்கிட்டே இருந்தா. அப்புறம் எழுதினா. ஆபீசரு கையெழுத்துப் போட்டாரு. நான் கையெழுத்துப் போட முடியாது, பட்டா என் பேர்ல இல்லையே.

அடுத்த முறைக்குப் பத்தேகாலுக்குத் தண்ணி வந்துது. பழக்கதோஷத்துல வாய்க்கால்ல நின்னுக்கிட்டு இருந்தேன். போனை எடுத்தேன். மிஸ்டு கால் குடுத்து என்ன ஆவப்போவுதுன்னு இடுப்புல சொருகிக்கிட்டேன். பதினொண்ணரைக்கு ஒரு கட்டு வைக்கோலையும் மம்பட்டியையும் எடுத்துக்கிட்டு வாய்க்காலோரமாவே மேல நடந்தேன். தலைமடைக்குப் போறப்ப மணி பன்னெண்டு. அவ கரையில நின்னுக்கிட்டு இருந்தா. மடையைத் திறக்கல.

“அக்கா, உடுங்க. நாலு மணி வரைக்கும் ஓடட்டும். எனக்கு இன்னைக்குத் தண்ணி வேணாம்”னா.

“ரிஜிஸ்டர்ல என்ன எழுதியிருக்கு?”

“அதைக் கெடாசுங்க. பயிர் கதிர் கட்டுற நேரம்க்கா.”

“என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன்.”

“பன்னெண்டு.”

“மணி பன்னெண்டு.”

வாய்க்கால்ல இறங்கினேன். வைக்கோலைப் பரப்பி, அது மேல மண்ணை வெட்டிப் போட்டு, கால்ல மிதிச்சி மிதிச்சி அணை கட்டினேன். என் வயலுக்குப் போற தண்ணியை என் கையாலயே அடைச்சேன். அவ மடைக் கல்லையும் நானே புரட்டிப் போட்டேன். தண்ணி அவ வயலுக்குள்ள திரும்புச்சு. எவ்வளவு அழகா திரும்புச்சு தெரியுமா? நின்னு பாத்துட்டு ஊட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு ஓன்னு அழுதேன்.

அதே மாதிரி இன்னும் ரெண்டு முறை. ரெண்டு தடவையும் அவ கேட்டா, ரெண்டு தடவையும் நான் அடைச்சேன். அதுக்கு மேல ஏரியிலயே தண்ணி இல்ல.

பொங்கலுக்கு ஊட்டுக்காரரு வந்தாரு. வயல்ல இறங்கி ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில வச்சிக் கசக்கி, வாயால ஊதினாரு. எல்லாம் பறந்துடுச்சு. கையில நாலு மணி கூட நிக்கல. திட்டல, கத்தல. “துணிமணியை எடுத்து வை”ன்னாரு.

நெலத்தைத் தம்பிக்கே குத்தகைக்கு உட்டாரு. அதாவது அவளுக்கு.

கம்மாபுரம் வந்து சேந்தேன். அதுக்கப்புறம் வந்த முதல் ஆடியில கொழுந்தன் போன் பண்ணி ஊட்டுக்காரருகிட்ட பேசினதுல ஒரு சேதி காதுல உழுந்துது. சங்கத்துல புதுசா தீர்மானம் போட்டிருக்காங்களாம்: ‘கடைமடை நிலத்திற்குத் தண்ணீர் சென்று சேர்ந்த நேரத்திலிருந்தே முறை கணக்கிடப்படும்.’ எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சாம். காலம் காலமா வாயிலேயே இருந்ததை அவ மையில எழுதிட்டா. இப்ப அதை எந்தக் கழுதையும் ஒரு வார்த்தையில அழிக்க முடியாது.

போனைப் புடுங்கி, அவளைக் கூப்பிடச் சொன்னேன். “ஏம்மா, உன் கைக்கு நெலம் வந்ததும் எழுதத் தெரிஞ்சுதே, என் கையில இருக்குறப்ப ஏன் எழுதல?”ன்னு கேட்டேன்.

“அதை எழுதலாம்னுதான் அக்கா அன்னைக்குப் பேனாவைத் திறந்தேன். ஆபீசரு இருந்தாரு, கையெழுத்து வாங்கிடலாம்னு பாத்தேன். நீங்க உக்காந்திருந்தா போதும், எழுதியிருப்பேன். அதுக்குத்தான் யோசிச்சு சொல்லுங்கன்னு சொன்னேன்”னா.

நான் போனைக் கட் பண்ணிட்டேன்.

இங்க எங்க ரூமுக்குப் பின்னால ஒரு பெரிய கால்வா ஓடுது. சுரங்கத்துலேருந்து எறைக்கிற தண்ணி. ராவும் பகலும் நிக்காம போவுது. முறை கெடையாது, மடை கெடையாது, கேக்க ஆள் கெடையாது. முதல் நாள் செருப்பைக் கழட்டிட்டு அதுல காலை வச்சிப் பாத்தேன். வெதுவெதுன்னு இருந்துது. எடுத்துட்டேன்.

இப்ப அவதான் வாய்க்கால்ல நிக்கிறா. கடலூர் டவுன் பொண்ணு, செருப்பில்லாம. எங்க பகல் வர்ற அன்னைக்குக் காலையில என் போன் ஒரே ஒரு தடவை அடிச்சி நின்னுடும். அவ நம்பர்தான். எடுத்துப் பேசறதுக்கு இல்ல, கால் நனைஞ்சிடுச்சுங்கிற சேதிதான். இப்ப அவ அதை யாருக்கும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, தலைமடையும் கடைமடையும் அவகிட்டயே இருக்குது. இருந்தாலும் எனக்குக் குடுக்குறா. நான் திருப்பிக் கூப்புடுறது இல்ல. குடுக்காதன்னும் சொன்னது இல்ல. அந்த நாள் வந்தா அஞ்சு மணிக்கே எழுந்து போனைப் பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் காய் நறுக்குறேன்.

இன்னைக்கு எட்டே முக்காலுக்கே அடிச்சிடுச்சு. என் காலத்துல ஒரு நாள்கூட ஒம்போதுக்கு முன்னாடி நனைஞ்சது இல்ல.